பாடிக் துணியில் நம்ம ஊர் நுங்கு



சென்ற பங்குனி மாதம் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போனேன். கொண்டுபோன மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு தேசூர் திரும்பினேன். மூட்டையில் பன்னிரண்டு பாடிக் மேஜை விரிப்புகள், எட்டு துப்பட்டாக்கள். மூன்று நாளில் விற்றது இரண்டே இரண்டு துப்பட்டா. அதிலும் ஒன்றை வாங்கியவர் என் நாத்தனாரின் சிநேகிதி!

துணிக்கும் மெழுகுக்கும் சாயத்துக்கும் போட்டது என் சீட்டுப் பணம். அதோடு பக்கத்து வீட்டு மருமகளின் பணமும் பாதி இருந்தது. அதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. அவள் வீட்டுக்காரருக்குப் பாவு கிடைக்காமல் தறி இரண்டு மாதமாகச் சும்மா நிற்கிறது. கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. "அக்கா, வீட்டை விட்டு வெளியே போகாம ஏதாவது சம்பாதிக்க வழி சொல்லுங்க" என்று கேட்டவளை இந்த வேலையில் இழுத்து விட்டவளே நான்தான். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், சொல்லுங்கள்?

விற்காததற்குக் காரணம் என்ன? தையல் மோசமா? சாயம் போகிறதா? இரண்டும் இல்லை. ஒரு அம்மாள் விரிப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ரோஜாப்பூவும் இந்த வாத்தும் எங்க தெருக் கடையிலேயே இருக்கே. இதைத் தேசூர்லேர்ந்து எதுக்கும்மா கொண்டாந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தானே? அந்த டிசைன்கள் எல்லாம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகத்தைப் பார்த்து நான் கார்பன் தாள் வைத்து எடுத்தவை. எங்கள் ஊரில் அப்படி ஒரு ரோஜாவும் கிடையாது, அப்படி ஒரு வாத்தும் கிடையாது.

மாமியார் வெட்டிய நுங்கு

சித்திரை பிறந்தது. நான் இன்னும் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து என் மாமியார் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியை ஏன் தூக்கி வெச்சிக்கினு இருக்கே? வா, வந்து நுங்கு சாப்பிடு."

"மனசு சரியில்லை அத்தை."

"மனசு சரியில்லைன்னா வயிறு என்ன பண்ணும்? இந்தா."

தலையைச் சீவின நுங்கை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். நடுவிலே மூன்று கண்கள், கண்ணாடி மாதிரி. சுற்றிலும் வெளிர் மஞ்சளாகச் சதை. அதற்கு வெளியே கருப்பும் ஊதாவுமாக மட்டை. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன்! அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

எழுந்து போய் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஜாவாத் தீவின் பழைய பாடிக் துணி ஒன்றின் படம் அதில் இருந்தது. நாலு முட்டை வடிவம் ஒரு பூப்போலச் சேர்ந்து, துணி முழுக்க வரிசை வரிசையாக. 'என்னமோ முட்டை' என்று நான் தாண்டிப் போன பக்கம் அது. அந்த டிசைனுக்குப் பெயர் காவுங். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? அங்கே வளர்கிற ஒரு வகைப் பனையின் காயைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற உருவத்திலிருந்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் அரச குடும்பத்தார் மட்டுமே உடுத்திய டிசைன்களில் அதுவும் ஒன்று. 2009-ல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேஷியாவின் பாடிக்கை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

பாருங்களேன்! ஜாவாக்காரர்கள் அவர்கள் ஊர்ப் பனங்காயை வரைந்து உலகப் புகழ் வாங்கினார்கள். நான் எங்கள் ஊர்ப் பனை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு யார் ஊர் ரோஜாவையோ வரைந்து மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

தறியில் இருப்பது என்ன?

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. ஆரணிப் பட்டு நெய்கிற ஊர்களில் எங்கள் தேசூரும் ஒன்று. பட்டுக்கரைகளுக்கு நம் நெசவாளர்கள் வைத்திருக்கிற பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: மயில்கண், குயில்கண், மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, ருத்திராட்சம், கோபுரம், இருதலைப் பட்சி, அன்னபட்சி. எல்லாம் கண்ணால் கண்டது அல்லது காதால் கேட்டது. பூ, காய், பறவை, கோயில். அந்த நாள் நெசவாளி புத்தகத்தைத் தேடிப் போகவில்லை, வாசலைத்தான் பார்த்தான்.

ஆனால் தறியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டில் ஏற்ற வேண்டும். வளைவெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகித்தான் வரும். பாடிக்கில் அந்தக் கட்டம் கிடையாது. கை எப்படி வளைகிறதோ அப்படிக் கோடு வளையும். நெசவுக்கு ஏறாத உருவம்கூட மெழுகுக்கு ஏறும்.

மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. கொள்ளிடக் கரையிலே கொடாலிக் கருப்பூர் என்று ஓர் ஊர். தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்துக்காக அங்கே பருத்தியும் சரிகையும் சேர்த்துச் சேலை நெய்து, அதன் மேல் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றினார்கள். ஆதரித்த அரசு 19-ஆம் நூற்றாண்டில் போனதும் அந்த வேலையும் மெள்ள மறைந்தது. இன்றைக்கு அந்தச் சேலைகளை அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடியும்.

நம் காலத்துக் கதையும் உண்டு. 1966-ல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்களே, அவர்களுக்குச் சோறு போட்டது எது? ஓவியம் விற்காத நாட்களில் பாடிக் போன்ற கைவேலைகளைச் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், குடும்பம் நடத்தினார்கள். வங்காளத்தில் சாந்திநிகேதனத்துக்குப் பாடிக் வந்தது, 1927-ல் ரவீந்திரநாத் தாகூர் ஜாவா போய் வந்த பிறகு. அவர்கள் ஜாவா டிசைனை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் வீட்டுப் பெண்கள் தரையில் போடும் அல்பனாக் கோலத்தைத் துணிக்குக் கொண்டு வந்தார்கள். இலங்கையில் ஈனா டி சில்வா என்ற அம்மையார் 1960-களில் பாடிக் வேலையைத் தொடங்கி, பிறகு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை என்ற தம் ஊரிலேயே கிராமத்துப் பெண்களுக்கு அதைத் தொழிலாக்கிக் கொடுத்தார்.

இவர்கள் எல்லாரும் செய்தது ஒன்றுதான். முறையை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டாலும் உருவத்தை வீட்டிலிருந்து எடுத்தார்கள். நான் இரண்டையும் கடன் வாங்கினேன். அதுதான் என் தப்பு.

உருவம் பிடிப்பது எப்படி?

'எனக்குப் படம் போட வராதே' என்று சொல்லாதீர்கள். கோலம் போடுகிறீர்கள் அல்லவா? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை விட்டு, ஒரே சீராகக் கம்பி இழுக்கிற கைதான் மெழுகுக் கோட்டுக்கும் வேண்டிய கை. ஜாவாப் பெண்கள் மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தில் மெழுகை மொண்டு கோடு போடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் பிரஷ் போதும்.

முதலில் பாருங்கள். ஒரு செடியை ஒரு வாரம் பாருங்கள். மொட்டு, பூ, காய், காய்ந்த காய் என்று நான்கையும் பழைய நோட்டில் கிறுக்கி வையுங்கள். ஆவாரஞ்செடியில் எல்லாரும் மஞ்சள் பூவைத்தான் பார்ப்பார்கள். தட்டையாகத் தொங்குகிற காய்க்கொத்து பார்டருக்கு எவ்வளவு அழகு, தெரியுமா?

அடுத்து, குறையுங்கள். பத்துக் கோட்டில் போட்டதை ஆறு கோட்டில் போடுங்கள். பிறகு மூன்றில் போடுங்கள். மூன்று கோட்டிலும் அது இன்னது என்று குழந்தைக்குத் தெரிந்தால் உருவம் கிடைத்துவிட்டது. அணிலுக்கு முதுகில் மூன்று கோடும் தூக்கிய வாலும் போதும். ஏரிக்கரைக் கொக்குக்கு வளைந்த கழுத்து ஒன்றே போதும்.

மூன்றாவதாக, வெள்ளையிலிருந்து யோசியுங்கள். காகிதத்தில் பென்சில் கோடு கறுப்பாக விழும். பாடிக்கில் மெழுகு பட்ட இடம் சாயம் பிடிக்காது, அது வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் கொக்கும் அணில் கோடும் முதல் முறை செய்பவர்களுக்குச் சுலபம். வெள்ளையாக இருப்பதை மெழுகால் மூடினால் வேலை முடிந்தது.

கடைசியாக, இடம் பார்த்து வையுங்கள். தனிப் பூ புட்டாவுக்கு, வரிசை பார்டருக்கு, பெரிய உருவம் தலைப்புக்கு. உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது விடுங்கள். மெழுகு கொஞ்சம் பரவத்தான் செய்யும்.

எருக்கம்பூவையும் நான் விடவில்லை. ஐந்து இதழ், நடுவே ஐந்து முனையோடு ஒரு குட்டிக் கிரீடம். செய்யாறு பக்கத்தில் புரிசை தெருக்கூத்துக்குப் பெயர் போன ஊர். கூத்தில் துரியோதனன் கட்டுகிற கிரீடத்தையும் தோளில் வைக்கிற புஜத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பூ அந்தக் கிரீடத்தின் தங்கைபோலத் தோன்றும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஒரு பார்டர் போட்டேன். ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். பூவைப் பறித்துக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். செடியிலேயே வைத்துப் பார்த்து வரையுங்கள்.

திரௌபதி அம்மன் திருவிழாவையும் வரையலாமா என்று கேட்டேன். மாமியார் ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தார். "அம்மன் முகத்தை மேஜையில விரிச்சி அது மேல காப்பி டம்ளரை வெப்பியா? கூத்து கிரீடம் போடு, கரகம் போடு. சாமியைச் சுவத்துல மாட்டற துணிக்கு வெச்சிக்கோ." எங்கே எதைப் போடக்கூடாது என்று தெரிவதும் டிசைன் அறிவுதான், இல்லையா?

நுங்கு விரிப்பு

இனி செய்முறை. மெல்லிய பருத்தித் துணியே நல்லது. பட்டில் ஆரம்பிக்காதீர்கள். காஸ்டிக் சோடா சேர்க்கிற சாயம் பட்டைக் கெடுத்துவிடும்.

புதுத் துணியைச் சோப்பு நீரில் ஊற வைத்து அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். உலர்ந்ததும் இஸ்திரி போட்டு, பென்சிலால் லேசாக உருவம் வரைந்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள்.

தேன்மெழுகும் பாரஃபின் மெழுகும் பாதிக்குப் பாதி. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரஃபின் விரிசல் விடும். அந்த விரிசலில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடுவதுதான் பாடிக்கின் அழகு. சூடு சரியா என்று பார்க்க ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். துணி எண்ணெய்த் தாள் மாதிரி ஊடுருவித் தெரிந்தால் சரி. மெழுகு மேலேயே வெள்ளையாக உறைந்து நின்றால் சூடு போதாது. புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே இறக்குங்கள்.

பாடிக்கில் எப்போதும் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். இங்கேதான் நுங்கு எனக்குக் கை கொடுத்தது. அதன் நிறமே உள்ளிருந்து வெளியே அந்த வரிசையில்தானே இருக்கிறது! மூன்று கண்களையும் மெழுகால் மூடினேன், வெள்ளை நின்றது. துணியை வெளிர் மஞ்சளில் தோய்த்து நிழலில் உலர்த்தினேன். பிறகு சதைப் பகுதிக்கு மெழுகு வைத்தேன், மஞ்சள் நின்றது. துணியைக் கசக்கி விரிசல் விட்டு, கருங்காப்பி நிறத்தில் தோய்த்தேன், மட்டை வந்தது. இரண்டே சாயம்தான். ஓரத்துக்கு, பிள்ளைகள் நுங்கு மட்டையில் குச்சி செருகி ஓட்டுகிற வண்டியை வரிசையாக வைத்தேன்.

சாயத் தண்ணீர் எப்போதும் பச்சைத் தண்ணீராகவே இருக்க வேண்டும். சுடுநீரில் மெழுகு கரைந்து போகும். எல்லாம் முடிந்த பிறகு பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே துணியை வைத்து இஸ்திரி போட்டால் பாதி மெழுகு தாளுக்கு வந்துவிடும். மீதியை, சோப்புப் போட்ட கொதிநீரில் முக்கி எடுங்கள். ஆறியதும் மேலே ஆடைபோலப் படியும் மெழுகை எடுத்து வையுங்கள், மறுபடி உதவும். அந்தத் தண்ணீரைச் சூட்டோடு சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

குழந்தை இருக்கிற வீட்டில்

இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். வைகாசியில் ஒரு நாள் நாங்கள் இருவரும் எங்கள் பின்கட்டில் மெழுகு வைத்துக்கொண்டிருந்தோம். கதவுக்குத் தாழ் போட வேண்டியவள் நான், மறந்துவிட்டேன். குழந்தை தத்தித் தத்தி வந்து, சட்டத்திலிருந்து தொங்கின துணி முனையைப் பிடித்து இழுத்தது. சட்டம் சரிந்து மெழுகுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. தாய் ஒரே தாவலில் குழந்தையைத் தூக்கிவிட்டாள். மெழுகு அவள் புறங்காலில் கொட்டியது.

கடவுள் புண்ணியம், குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்குக் காலில் கொப்புளம். குழாயடியில் காலை நீட்ட வைத்து இருபது நிமிஷம் தண்ணீர் விட்டோம். ஒட்டின மெழுகை உரிக்கவில்லை. யாரோ பற்பசையை நீட்டினார்கள், வேண்டாம் என்று தடுத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். இங்க், மஞ்சள், பற்பசை எதுவும் தீப்புண்ணுக்கு வேண்டாம் சகோதரிகளே. ஓடுகிற குளிர்ந்த தண்ணீர்தான் முதல் மருந்து. ஐஸ்கட்டியும் கூடாது.

அன்றிலிருந்து எங்களுக்குள் சில சட்டங்கள். மெழுகு வேலை குழந்தை தூங்குகிற நேரத்தில், தாழ் போட்ட அறையில், ஜன்னல் திறந்து வைத்து மட்டுமே. மெழுகுக் கிண்ணத்தை நேராக அடுப்பில் வைப்பதில்லை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு தட்டு மூடி தயாராக இருக்கும். மெழுகு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ சிதறும்.

சாயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். நாஃப்தால் சாயத்துக்குக் காஸ்டிக் சோடா வேண்டும், அது தோலை அரிக்கும். அதனால் நாங்கள் உப்பும் சலவைச் சோடாவும் சேர்க்கிற சாயத்துக்கு மாறிவிட்டோம். அந்தப் பொடியும் மூக்கில் ஏறக்கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறை போட்டுத்தான் கலக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் பொடி கலக்கிற வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். பெயர் இல்லாத பொட்டலச் சாயம் மலிவு என்று வாங்காதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பிரிகிற சில அசோ சாயங்களை நம் அரசு 1997-லேயே தடை செய்திருக்கிறது. சாயத்துக்கு வைத்த பாத்திரமும் கரண்டியும் சமையலறைப் பக்கமே போகக்கூடாது.

கால் ஆற மூன்று வாரம் ஆயிற்று. "இனிமே இந்த வேலை வேணாம்மா, நான் பார்த்துக்கறேன். உன் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன்" என்றேன். அவள் சிரித்தாள். "தாழ்ப்பாள் போட்டா போச்சு அக்கா. கொக்கு டிசைன் பாதியில நிக்குதே?" என்றாள்.

ஆடியில் மறுபடி ஒரு கண்காட்சி. இந்த முறை நுங்கு விரிப்பு ஆறு, கொக்கு துப்பட்டா ஐந்து, எருக்கம்பூப் பார்டர் நான்கு. நுங்கைப் பார்த்தவர்கள் நின்றார்கள். "இது என்ன, நுங்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டின கதையைச் சொன்னார்கள். சொன்னவர்கள் வாங்கினார்கள். நுங்கு ஆறும் போயிற்று, கொக்கில் மூன்று போயிற்று. எருக்கம்பூ ஒன்றுதான் போயிற்று, 'எருக்கா?' என்று தயங்கினார்கள். சரி, அதையும் தெரிந்துகொண்டோம். பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். முதல் மூட்டையில் போட்டது வந்தது, அடுத்த துணிக்கும் மிஞ்சியது. அவள் பங்கை அவள் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

அவள் வீட்டுத் தறியும் இப்போது ஓடுகிறது. ஆனால் மெழுகு வேலையை அவள் விடவில்லை.

உங்கள் ஊரில் தாழம்பூ இருக்கலாம், நெய்தல் இருக்கலாம், வரையாடு இருக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு வாசலைப் பாருங்கள். நோட்டும் பென்சிலும் போதும், மெழுகைப் பிறகு வாங்கலாம். பழைய ரோஜாப்பூ விரிப்புகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? வீட்டில்தான் விரித்திருக்கிறோம். அதன் மேல் காப்பி டம்ளரை வைக்கும்போதெல்லாம் மாமியார் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்!

அடுத்த இதழில் மீதித் துணியில் குழந்தைகளுக்குக் கொக்குத் தலையணை உறை தைப்பது எப்படி என்று பார்ப்போமா?